மின்னஞ்சல் ஒப்பமும் ஆட்சிப் பொறுப்பும்: கொண்டச்சியை முன்வைத்து ஒரு விவாதம்

1

மன்னார்ப் பெருநிலக் கரையிலே, சிலாவத்துறைக்குத் தெற்கே அமைந்த கொண்டச்சி, முத்துக்குளிப்பின் வரலாற்றிலே பெயர்பெற்ற ஊராகும். குளிப்புக் காலங்களில் இக்கரையோரத்தே ஆயிரக்கணக்கானோர் கூடும் ஓலைக் கொட்டில் நகரங்கள் எழுந்து, காலம் முடிந்ததும் மறைந்தன. குளிப்பினைக் கண்காணிக்கும் பொருட்டு ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801ஆம் ஆண்டுக்கும் 1804ஆம் ஆண்டுக்கும் இடையில் அருகிலுள்ள அரிப்பிலே ஒரு மாளிகையையே எழுப்பினார். கரைக்கு வந்த சிப்பி எண்ணப்பட்டது, பங்கிடப்பட்டது, ஏலம் விடப்பட்டது. சிப்பியிலிருந்து எடுத்த முத்தின் அளவைத் துணிவதற்கு வணிகர் துளையிட்ட பித்தளைத் தட்டுகளை வரிசையாகக் கையாண்டனர். இருபது துளை கொண்ட தட்டு முதல் ஆயிரம் துளை கொண்ட தட்டு வரை அவ்வரிசை அமைந்திருந்தது. எந்தத் தட்டிலே முத்துத் தங்குகின்றதோ அதுவே அதன் தரத்தை முதலிலே உரைக்கும்.

துளை தேய்ந்து அகன்ற தட்டும் சலிக்கத்தான் செய்யும். கண்ணுக்கு அதில் குறையொன்றும் தோன்றாது. ஆனால் அது கூறும் அளவு பொய்யாயிருக்கும். "நேற்றுவரை சலித்த தட்டுத்தானே, இதனை ஏன் மாற்றவேண்டும்?" என்று கேட்கும் வணிகனிடம் எவரும் முத்து வாங்கார்.

வணிகன் அறிந்த இவ்வுண்மையை இன்றைய ஆட்சி அலுவலகங்கள் தம் மின்னஞ்சல் விடயத்தில் மறந்துவிட்டன என்பதே ஈண்டு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு. அஞ்சல் வழங்கியிலே ஒப்பமிடும் மென்பொருளைக் காலத்துக்கேற்ப மாற்றுதல் கணினி அறையுள் முடியும் சிறு தொழிற்காரியம் என்று கருதப்படுகின்றது. அது பொதுமக்களுக்குச் செலுத்தவேண்டிய ஆட்சிக் கடமையாகும். அக்கடமை தவறும்போது இழப்பைச் சுமப்போர் தலைநகரத்தார் அல்லர். கொண்டச்சி போன்ற கடைக்கோடி ஊர்களின் மக்களே.

2

கொண்டச்சியை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முசலிப் பிரதேசத்து ஊர்களும் வெறுமையாயின. மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலே அடைக்கலம் புகுந்தனர். கையில் எடுக்கக்கூடியதை மாத்திரம் எடுத்துச் சென்றவர்களுக்குக் காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் தேடி எடுக்க அவகாசம் இருக்கவில்லை. 2009இல் போர் முடிந்தபின் திரும்பி வந்தோர், தாம் இந்த மண்ணுக்குரியவர் என்பதைத் தாள்களால் நிறுவவேண்டிய நிலைக்கு உள்ளாயினர். ஒருவருடைய பதிவு ஒரு மாவட்டத்தில் இருக்க, வாழ்வு மற்றொரு மாவட்டத்தில் நடந்தது.

இதற்கு மேலாக, 2017ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி, அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன உருசியாவுக்குச் சென்றிருந்த வேளையில், மொஸ்கோவிலிருந்தபடியே ஒரு வர்த்தமானி அறிவித்தலில் ஒப்பமிட்டார். முசலிப் பிரதேசத்துக் காடுகள் பல அதனால் ஒரே ஒதுக்கக் காடாயின. தாம் பரம்பரையாகக் குடியிருந்த நிலமும் பயிரிட்ட நிலமும் அவ்வெல்லைக்குள் அகப்பட்டன என்று மக்கள் முறையிட்டனர். அம்முறையீட்டின் நியாயத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நோக்கத்தக்கது வேறொன்று. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இடப்பட்ட ஓர் ஒப்பம் முசலியின் மணலில் உடனே செல்லுபடியாயிற்று. ஒப்பமிட்டவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஆனால் கொண்டச்சியிலிருந்து மேலே செல்லும் ஒரு கடிதத்துக்கும், மேலிருந்து கொண்டச்சிக்கு வரும் ஒரு மறுமொழிக்கும் அத்தகைய உறுதி கிட்டுகின்றதா?

ஒரு காணி விண்ணப்பம் பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், தலைநகரத்துத் திணைக்களம் என்று படிகளைக் கடக்கவேண்டும். இப்படிகளுக்கிடையே ஓடும் எழுத்திலே ஒரு பகுதி இன்று மின்னஞ்சலாய் ஓடுகின்றது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்வடிவ ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்துப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. சட்டம் ஏற்பு அளித்தது. அலுவலகங்கள் அவ்வேற்புக்குத் தகுந்த காவலை அளித்தனவா என்பதே கேள்வி.

3

ஒப்பம் என்று இங்கே குறிக்கப்படுவது அலுவலர் ஒருவர் கடிதத்தின் அடியில் இடும் தனியாள் ஒப்பமன்று. அஞ்சல் வழங்கி தன் ஆள்களப் பெயரின்மேல் இடும் ஒப்பமாகும். டி.கே.ஐ.எம். என வழங்கும் இம்முறை, யாகூ நிறுவனமும் சிஸ்கோ நிறுவனமும் தனித்தனியே வகுத்த இரு முறைகளின் இணைப்பாய்ப் பிறந்து, 2007ஆம் ஆண்டு மே மாதத்திலே இணைய நியமமாக வெளியிடப்பட்டது; 2011இல் திருத்தம் பெற்றது.

அதன் இயக்கம் விளங்குதற்கு அரிதன்று. வழங்கியிடம் இரு திறவுகோல்கள் உள. ஒன்று மறைவானது; வழங்கியைவிட்டு வெளியேறாதது. மற்றது வெளிப்படையானது, ஆள்களப் பெயரின் பொதுப் பதிவிலே எவரும் காணுமாறு வைக்கப்படுவது. கடிதம் வெளியே செல்லுமுன் அதன் உடலும், அனுப்புநர், பொருள், திகதி முதலிய தலைப்பு வரிகளும் கணித்துச் சுருக்கப்படுகின்றன. அச்சுருக்கம் மறைதிறவுகோலால் ஒப்பமிடப்பட்டுக் கடிதத்தின் தலைப்பிலே சேர்க்கப்படுகின்றது. பெறும் வழங்கி பொதுத் திறவுகோலை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். வழியில் ஓர் எழுத்து மாறியிருப்பினும் ஒப்பம் பொய்த்துவிடும். ஆகவே இவ்வொப்பம் இரண்டு செய்திகளை மாத்திரம் கூறுகின்றது. கடிதத்துக்கு இந்த ஆள்களம் பொறுப்பேற்கின்றது என்பது ஒன்று; ஒப்பமிட்ட பகுதி வழியில் மாற்றப்படவில்லை என்பது மற்றொன்று. கடிதத்தின் உள்ளடக்கம் நீதியானதா என்பதை அது கூறாது. அலுவலர் ஒருவரின் கடவுச்சொல்லைத் திருடியவன் அனுப்பும் கடிதத்துக்கும் அது ஒப்பமிடும். இவ்வெல்லைகளை மறைத்து அதனைச் சர்வரோக நிவாரணியாகப் போற்றுவது தவறு. ஆயினும் இவ்விரண்டு செய்திகளும் இல்லாதவிடத்து, பிரதேச செயலகத்தின் பெயரை எவனும் பூணலாம்.

இவ்வொப்பத்தை இடும் மென்பொருள்களுள் உலகெங்கும் சிறிய வழங்கிகள் பலவற்றில் இடம்பெற்றது ஓப்பன் டிகிம் என்பதாகும். 2009இல் தோன்றிய அதன் 2.10.3ஆம் பதிப்பு 2015இல் வெளிவந்தது. அதன்பின் பல ஆண்டுகள் சோதனைப் பதிப்பு தவிர நிறைவான பதிப்பொன்று வரவில்லை. ஆனால் நியமங்கள் நிற்கவில்லை. 2018ஆம் ஆண்டு சனவரியில் வெளியான நியமம், ஷா-1 என்னும் பழைய சுருக்கு முறையைக் கைவிடப் பணித்தது, ஆர்.எஸ்.ஏ. திறவுகோல் 1024 பிட்டுக்குக் குறைதலாகாது, 2048 பிட்டாக இருத்தல் நன்று என வரையறுத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் எட்25519 என்னும் புதிய ஒப்ப முறை சேர்க்கப்பட்டது. அதன் பொதுத் திறவுகோல் 32 பைட்டில் அடங்கும். மேற்கூறிய 2.10.3ஆம் பதிப்பு இம்முறைக்கு முற்பட்டது, இதனை அறியாதது.

பழையதைப் பேணுவதால் வருங் கேட்டுக்கு 2012இல் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சி சான்று. சக்கரி ஹாரிஸ் என்னும் அமெரிக்கக் கணிதவியலாளர், கூகிள் நிறுவனத்திலிருந்து தமக்கு வந்த ஒரு கடிதத்தை ஆராய்ந்தபோது, அதன் ஒப்பத் திறவுகோல் 512 பிட்டு மாத்திரமே என்பதைக் கண்டார். வாடகைக் கணினிகளின் துணையுடன் அதனை உடைத்து, அந்நிறுவனத்தின் தாபகர்களில் ஒருவர் மற்றவருக்கு எழுதியதுபோல ஒரு கடிதத்தை அனுப்பிக் காட்டினார். அத்திறவுகோல் அதுவரை பழுதின்றி ஓடிக்கொண்டுதான் இருந்தது. உலகின் பெருநிறுவனத்துக்கே நேர்ந்த இத்தவறு, வளமற்ற மாவட்ட அலுவலகத்துக்கு நேராது என்று எவர் உறுதி கூற வல்லார்?

4

இந்நிலையில், மாற்றத்தை எதிர்ப்போர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

"ஓடுகின்றதை ஏன் தொடவேண்டும்?" என்பது முதல் நியாயம். பழைய முத்துக்குளிப்பிலே, சுறாவின் வாயைக் கட்டுவதாகக் கூறிய மந்திரகாரர் கரையிலே அமர்த்தப்பட்டிருந்தனர். அவர் இல்லாமல் சுழியோடிகள் கடலில் இறங்க மறுத்தனர். மந்திரம் சுழியோடிக்குத் துணிவைத் தந்தது. சுறாவை அது தீண்டவில்லை. பராமரிப்பார் இல்லாத ஒப்ப மென்பொருளும் அத்தகைய மந்திரமே. நிருவாகிக்கு அது நிம்மதியைத் தருகின்றது. தாக்குவோனுக்கு அதனால் தடையில்லை.

"பணம் இல்லை" என்பது இரண்டாவது நியாயம். இதற்கு மறுமொழி இலங்கையின் அண்மை வரலாற்றிலேயே உண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்க மேகக் கணிமை கப்பமென்பொருள் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளாது மறைந்தன. அக்காலப் பகுதிக்குரிய மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அவ்வமைப்பு மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் 2013 என்னும் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பதிப்புக்கு அதன் நிறுவனம் அளித்த ஆதரவு 2023 ஏப்பிரல் 11ஆந் திகதியே முடிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு மாற 2021 முதலே எண்ணியிருந்தும், நிதிக் குறைவு முதலிய காரணங்களால் அது பிற்போடப்பட்டதாகப் பொறுப்பான முகவர் நிலையம் விளக்கமளித்தது.

அக்கேடு ஒப்ப மென்பொருளால் விளைந்ததன்று. எனினும் நோய் ஒன்றே. காலம் கடந்த மென்பொருளை, ஓடுகின்றது என்ற ஒரே காரணத்தால் தாங்கி நின்றமையே அந்நோய். ஏறத்தாழ மூன்று மாதம் ஒன்றரை வாரக் கடிதங்களில் எத்தனை விண்ணப்பங்கள், எத்தனை மறுமொழிகள், எத்தனை முறையீடுகள் அடங்கியிருந்தன! திணைக்களத்தார் தம் கோப்புகளைக் கொண்டு ஓரளவு மீட்டிருக்கலாம். கோப்பில்லாத குடிமகன் எதைக் கொண்டு மீட்பான்? மேலும், ஒப்ப மென்பொருள் விடயத்தில் பணம் என்ற சாட்டுக்கும் இடமில்லை. ஆர்ஸ்பாம்டி, டிகேஐஎம்பை மில்டர் ஆகிய மாற்று மென்பொருள்கள் இரண்டும் திறந்த மூலத்தில் விலையின்றிக் கிடைப்பன. வேண்டுவது பயிற்சி பெற்ற ஒருவரின் சில நாள் உழைப்பே.

"பெரு நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடலாம்" என்பது மூன்றாவது நியாயம். இது முற்றாகத் தள்ளத்தக்கதன்று. சிறிய அலுவலகமொன்று தானே வழங்கி நடத்தித் தவறுவதிலும், தக்கவரிடம் ஒப்படைத்தல் நன்றாகலாம். ஆனால் வேலையை ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது. ஆள்களப் பெயரின் பதிவு எவர் கையில், திறவுகோல் எப்பொழுது மாற்றப்பட்டது, ஒப்பந்தம் முடிந்தபின் பழைய திறவுகோல் நீக்கப்பட்டதா என்ற கேள்விகளுக்கு மறுமொழி கூறவேண்டியவர் அலுவலகத் தலைவரே. அவற்றைக் கேட்கத் தெரியாத அலுவலகம், எவரிடம் ஒப்படைத்தாலும் ஏமாறும்.

"கிராமத்து மக்கள் மின்னஞ்சலையா நம்பியிருக்கின்றனர்?" என்பது நான்காவது, நியாயங்களுள் இழிந்ததும் இதுவே. புத்தளத்தில் ஒரு காலும் முசலியில் ஒரு காலுமாக வாழ நேர்ந்த குடும்பத்துக்கும், வெளிநாட்டில் உழைக்கும் மகனின் கைத்தொலைபேசி வாயிலாக விண்ணப்பம் அனுப்பும் தாய்க்கும் மின்னஞ்சல் ஆடம்பரமன்று. பேருந்துச் செலவையும் ஒருநாட் கூலியையும் அது மிச்சப்படுத்துகின்றது. மேலும், 2024ஆம் ஆண்டு பெப்ரவரி முதல், தன் பயனாளருக்கு அஞ்சல் அனுப்பும் எவரும் ஆள்களத்தை ஏதேனும் ஒரு முறையால் உறுதிப்படுத்தவேண்டும் என்று கூகிள் விதித்துள்ளது. நாளொன்றுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு விதி இன்னும் கடுமையானது. பெரும்பாலான குடிமக்களின் முகவரி அந்நிறுவனத்திலேயே இருக்கின்றது. அலுவலகத்தின் ஒப்பம் பொய்த்தால், அதன் கடிதம் குப்பைப் பெட்டியிலே விழும், அன்றேல் திருப்பி அனுப்பப்படும். அலுவலகம் "அனுப்பிவிட்டோம்" என்று பதிவு செய்யும். குடிமகன் "வரவில்லை" என்பான். இருவரும் உண்மையே கூறுவர். இழப்பு ஒருவனுக்கே.

5

இவ்விடத்தே, தமிழ் வாசகர் கருத்தூன்றி நோக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. ஆங்கில எழுத்துக்கள் ஏழு பிட்டில் அடங்குவன. தமிழ் எழுத்துருக்கள் இன்று வழங்கும் யு.ரி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்வன. எட்டுப் பிட்டும் வேண்டுவன. வழியில் நிற்கும் வழங்கி ஒன்று எட்டுப் பிட்டு அஞ்சலை ஏற்கும் திறன் அற்றதாயின், கடிதத்தின் உடலை ஏழு பிட்டு வடிவத்துக்கு மாற்றியே அனுப்பவேண்டும். வாசகன் கண்ணுக்குக் கடிதம் மாறாது. ஆனால் உடலின் சுருக்கக் கணிப்பு மாறிவிடும், ஒப்பம் பொய்த்துவிடும். இதனாலேயே, ஒப்பமிடுமுன் கடிதத்தை ஏழு பிட்டு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுமாறு 2011ஆம் ஆண்டின் நியமம் அறிவுறுத்துகின்றது. இன்று பெரும்பாலான வழங்கிகள் எட்டுப் பிட்டை ஏற்பன என்பது உண்மை. ஆனால் அலுவலக வாயிலில் நிற்கும் பழைய வடிகட்டிப் பொறி ஒன்றே இக்கேட்டை விளைக்கப் போதும்.

இதன் விளைவு யாது? நிருவாகி மென்பொருளை நிறுவுகின்றார். ஆங்கிலத்தில் இரு சொல் எழுதித் தமக்கே அனுப்பிப் பார்க்கின்றார். ஒப்பம் தேறுகின்றது. வேலை முடிந்தது என்று கோப்பை மூடுகின்றார். மறுநாள் முசலியிலிருந்து தமிழில் எழுதப்பட்ட கடிதம் அதே வழியிற் சென்று ஒப்பம் பொய்த்து விழுகின்றது. எவரும் தமிழுக்கு எதிராகத் தீர்மானம் எடுக்கவில்லை. தமிழில் ஒருமுறை சோதித்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. வட மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பு கூறுகின்றது. நிருவாக மொழி என்பது பெயர்ப்பலகையில் முடியும் காரியமன்று. அம்மொழியில் எழுதிய கடிதம் ஆங்கிலக் கடிதம்போலவே ஐயத்துக்கிடமின்றிச் சென்று சேரும்வரை அவ்வுரிமை அரைகுறையானதே. சிங்கள எழுத்துக்கும் இதே நிலைதான். ஆகவே இது ஓரினத்தின் முறைப்பாடன்று. தத்தம் மொழியில் எழுதும் எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவானது.

6

மாற்றுவது எங்ஙனம் என்பதிலும் கருத்து வேண்டும். ஓரிரவில் பழையதை அகற்றிப் புதியதை நாட்டுதல் அறியாமை. முதலிலே புதிய திறவுகோல் இணை ஆக்கப்பட்டு, வேறொரு தெரிவுப் பெயரில் அதன் பொதுப்பகுதி ஆள்களப் பதிவிலே வைக்கப்படவேண்டும். 2048 பிட்டுத் திறவுகோல் ஒரு சரத்துக்குரிய 255 எழுத்தில் அடங்காது, துண்டாக்கியே இடவேண்டும். இதில் நேரும் சிறு பிழையும் எல்லாக் கடிதத்தையும் கெடுக்கும். பதிவு பரவியபின்னரே புதிய மென்பொருள் ஒப்பமிடத் தொடங்கலாம். எட்25519 முறையைச் சரிபார்க்க அறியாத வழங்கிகள் இன்னும் உள ஆதலின், ஆர்.எஸ்.ஏ. ஒப்பமும் உடனிடப்படுதல் முறை. வழியிலும் வரிசையிலும் தங்கிய கடிதங்களின் பொருட்டுப் பழைய பொதுத் திறவுகோல் சில நாட்கள் இருக்கவேண்டும். அதன்பின் அது மறவாது விலக்கப்படவேண்டும். ஒவ்வொரு படியிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்னும் மும்மொழியிலும், இணைப்புகளுடனும், வெளி வழங்கிகளுக்குக் கடிதம் அனுப்பிச் சோதித்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் அரிய வித்தையன்று. இவற்றை எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடும், அதனைப் படித்து நடக்கும் ஓர் அலுவலரும், அவர் மாற்றலாகிச் சென்றால் அடுத்தவருக்குக் கையளிக்கும் ஒழுங்குமே வேண்டும். திறவுகோலின் வயது, மென்பொருளின் பதிப்பு, இறுதியாகச் சோதித்த திகதி ஆகிய மூன்றையும் ஒவ்வோர் அலுவலகமும் ஆண்டறிக்கையில் வெளியிடுமாயின், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழி பெரிதும் அடைபடும். கணக்காய்வாளர் நாற்காலியையும் மேசையையும் எண்ணுகின்றனர். இம்மூன்று வரிகளையும் அவர்கள் கேட்டல் ஆகாதா? கணினி கற்கும் பல்கலைக்கழக மாணவரும் இதில் பங்கேற்கலாம். தத்தம் மாவட்டத்து அலுவலகங்களின் அனுமதியுடன் மும்மொழிச் சோதனையை நடத்திக் குறைகளைச் சுட்டுவது, விடுமுறைக்காலத்துச் செயற்றிட்டமாக எளிதில் அமையும்.

கொண்டச்சியின் மக்கள் ஒருமுறை தாள்களை இழந்தனர். அவ்விழப்பின் சுமையை ஒரு தலைமுறைக் காலம் சுமந்தனர். அன்று அவர்களைப் பெயர்த்தது துப்பாக்கி. இனி அவர்களின் எழுத்து மறையுமாயின், அதற்குத் துப்பாக்கியைக் காரணம் காட்ட எவராலும் இயலாது. மாற்றவேண்டிய காலத்தில் மாற்றாதிருந்த ஒரு மென்பொருளும், அதனை ஓடுகின்றது என்று விட்டுவைத்த ஓர் அலுவலகமுமே காரணமாய் நிற்கும். அக்குற்றத்துக்கு இடமளியாதிருத்தல் இன்று பொறுப்பிலிருப்போரின் கையில் உள்ளது.